கோர்ட்டுக்குப் போகும் முன் ஒரு கோர்ட்

சட்டக் கல்லூரியில் மாதிரி விசாரணைக் குழு ஏன் வேண்டும்? ஆய்க்குடியிலிருந்து ஒரு பார்வை

டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வருகிறார். ஆய்க்குடிப் பக்கத்தில் வயல் வேலை. வரப்புத் தகராறில் ஒருவருக்கு வெட்டு விழுந்த வழக்கில் நேரில் பார்த்த சாட்சி அவர். கூண்டில் ஏறி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்கிறார். அரசு வழக்கறிஞர் முதல் விசாரணையை முடித்து உட்கார்ந்ததும், எதிரிக்காக இளம் வழக்கறிஞர் ஒருவர் எழுகிறார்.

நன்றாகத்தான் தொடங்குகிறார். ராத்திரி எட்டு மணி தாண்டிவிட்டது, சரிதானே? சரி. அந்த இடத்தில் தெருவிளக்கு கிடையாது? கிடையாது. நீங்கள் நின்றது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்? ஆமாம். அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

“அப்புறம் அந்த இருட்டில் அவர்தான்னு எப்படிம்மா சொல்றீங்க?”

“சின்னப் பிள்ளையில இருந்து பாத்துட்டு வாரேன் தம்பி. அவன் இருமுனாக்கூட யாருன்னு எனக்குத் தெரியும்லா.”

பதில் அப்படியே பதிவாகிறது. இருட்டை வைத்துக் கட்டிய எதிர்வாதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் சரிந்துவிட்டது. அரசுத் தரப்பே கேட்க மறந்ததை எதிர்த்தரப்பு கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

இந்த வழக்கும் இதில் வரும் மனிதர்களும் கற்பனை. தவறு மட்டும் உண்மையானது. தமிழ்நாட்டின் எந்தக் கீழமை நீதிமன்றத்திலும் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் கேட்டால், ஜூனியராக இருந்தபோது இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை வரும். அதே கேள்வியைக் கல்லூரி அரங்கில், சக மாணவி சாட்சியாக நிற்கும்போது கேட்டிருந்தால் போவது இரண்டு மதிப்பெண். கோர்ட்டில் கேட்டால் போவது ஒருவருடைய வருடங்கள். சட்டக் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்து, மாதிரி நீதிமன்றக் குழுவுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று முதலாமாண்டு மாணவர்கள் தயங்கி நிற்கும் காலத்தில், இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் பேச வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல

ஆய்க்குடியில் பிளஸ் டூ முடித்துச் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கைக்கு எட்டும் அரசு சட்டக் கல்லூரி திருநெல்வேலியில் இருக்கிறது. 1996-ல் தொடங்கிய கல்லூரி. ஆய்க்குடி இருக்கும் தென்காசி தனி மாவட்டமாக ஆனது 2019 நவம்பர் 22-ல். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து படித்து வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் நிற்கப்போவது தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் நீதிமன்றங்களில்தான். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலை 24-ல் திறக்கப்பட்ட பிறகு உயர் நீதிமன்றமும் பக்கத்தில் வந்துவிட்டது உண்மை. ஆனாலும் ஒரு ஜூனியருடைய முதல் ஐந்தாறு வருடங்கள் கேஸ் கட்டு, வாய்தா, சாட்சி, குறுக்கு விசாரணை என்றே கழியும்.

கல்லூரியோ வேறொன்றுக்குத் தயார் செய்கிறது. அங்கே நடப்பது ‘மூட் கோர்ட்’ என்கிற மாதிரி நீதிமன்றம். ஒரு கற்பனை வழக்கைத் தருவார்கள். அதில் நடந்தவை என்ன என்பதில் சர்ச்சை இருக்காது. அது கீழ்க்கோர்ட்டில் முடிந்துபோன விஷயம். சட்டக் கேள்வி மட்டும்தான் பாக்கி. மாணவர்கள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதுபோல எழுத்துவாதம் தயாரித்து, நீதிபதி ஆசனத்தில் இருப்பவரின் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்வார்கள். அங்கே கூண்டில் ஏற ஆள் கிடையாது. பொய் சொல்கிறவரையோ, பயந்து மறந்துபோகிறவரையோ, கேட்டதற்கு மேல் பேசுகிறவரையோ மாணவர் சந்திப்பதே இல்லை.

மாதிரி விசாரணை அதற்கு நேர் எதிர். அங்கே சண்டையே நடந்தது என்ன என்பதில்தான். சாட்சிகள் உண்டு, போலீசில் கொடுத்த வாக்குமூலம் உண்டு, மகஜர் உண்டு, காயச் சான்றிதழ் உண்டு. முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை என்று முறைப்படி போகும். சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்து வந்தவர் இங்கே திணறுவார். டீக்கடையில் நாலு பேர் பேசுவதை உற்றுக் கேட்டு வளர்ந்தவர் நிற்பார்.

பெட்டிச் செய்தி: விதி என்ன சொல்கிறது?

இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மாதிரி நீதிமன்றமும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்த பாடம் கட்டாயம். மொத்தம் 100 மதிப்பெண்.

மூன்று மாதிரி நீதிமன்றங்களுக்கு 30. ஒவ்வொன்றுக்கும் 10, அதில் எழுத்துவாதத்துக்கு 5, வாய்மொழி வாதத்துக்கு 5.

ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு வழக்குகளின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுத 30.

கட்சிக்காரரிடம் பேசி விவரம் வாங்குவதைக் கவனித்து எழுதும் குறிப்புக்கும் இன்டர்ன்ஷிப் நாட்குறிப்புக்கும் சேர்த்து 30.

நேர்முகத் தேர்வுக்கு 10.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். விசாரணையைப் பார்க்கச் சொல்கிறது விதி. ஒரு சாட்சியை நிறுத்தி மாணவரே விசாரித்துப் பழக வேண்டும் என்று எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. நீச்சலைக் கரையில் நின்று பார்த்தவருக்குக் கொடுக்கும் சான்றிதழ் அது.

கூண்டில் தமிழ், போட்டியில் ஆங்கிலம்

இன்னொரு பெரிய இடைவெளி மொழி. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றம் வரைக்கும் தமிழ் நடக்கலாம். 1956-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ல் கொண்டுவந்த திருத்தம் அதற்கு வழி செய்தது. சாட்சியம் தமிழில் பதிவாகிறது. உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அரசியலமைப்பின் 348-வது பிரிவு ஆங்கிலத்தை வைத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006 டிசம்பர் 6-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் 2012-ல் அதை ஏற்கவில்லை. அந்தக் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், தென்காசிக் கூண்டில் நிற்கும் சாட்சி தமிழில்தான் பேசப்போகிறார். அதுவும் புத்தகத் தமிழில் அல்ல. “வரலாறு கேட்காதிக, பாத்ததைச் சொல்லுதேன்” என்று ஆரம்பிக்கும் தமிழில். அவரிடம் எந்தச் சொல்லில் கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வரும்? எந்தச் சொல்லில் கேட்டால் கதை வரும்? ‘பக்கத்தில்’ என்று அவர் சொல்வது எத்தனை அடி? ‘சாயங்காலம்’ என்பது எத்தனை மணி வரைக்கும்? இதெல்லாம் வழக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கிற விஷயங்கள். மூட் கோர்ட் போட்டிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழ் வழியில் படித்து வந்த மாணவி, வாயைத் திறக்கும் முன்பே, நமக்கு இது சரிப்படாது என்று ஒதுங்கிவிடுகிறார். ஒரு சாட்சியை மடக்கும் திறமை அவரிடம் இயல்பாகவே இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் மேடையே அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் கொடுமை.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மதுரைக் கிளையில் நிற்க ஆங்கிலம் வேண்டும். தீர்ப்புகளைப் படிக்கவும் வேண்டும். ஆங்கில மூட் கோர்ட்டில் பங்கெடுத்தவருக்கு ஆராய்ச்சியும் எழுத்தும் நிச்சயம் கைவரும். 1960-ல் தொடங்கிய ஜெசப் சர்வதேசச் சட்டப் போட்டியை பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1999-லும் 2013-லும் வென்றது இந்திய மாணவர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்த ஒரு பாதையையே முழுக் கல்வியாக நினைப்பது தவறு. பதிவுக் கட்டணம், ரயில், தங்குமிடம், அச்சுச் செலவு எல்லாம் சேரும்போது அரசுக் கல்லூரி மாணவருக்கு அந்தப் பாதை இன்னும் குறுகிவிடுகிறது. மாதிரி விசாரணைக்கு ஒரு வகுப்பறையும் ஒரு பழைய கேஸ் கட்டும் போதும்.

குழுவில் சேர்ந்தால் என்ன செய்வார்கள்?

அமெரிக்காவில் இதைச் சட்டக் கல்லூரிக்கு முன்பே தொடங்கிவிடுகிறார்கள். 1985-ல் அமைந்த அமெரிக்க மாதிரி விசாரணைச் சங்கத்தின் போட்டிகளில் கலந்துகொள்வது இளங்கலை மாணவர்கள். வேதியியல் படிப்பவரும் வரலாறு படிப்பவரும் சேர்வார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரே வழக்கை எல்லாக் கல்லூரிகளுக்கும் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு அணியும் இரண்டு தரப்புக்கும் தயாராக வேண்டும். களத்தில் ஒரு தரப்புக்கு மூன்று வழக்கறிஞர்கள், மூன்று சாட்சிகள். சாட்சியாக நடிக்கும் மாணவருக்கும் மதிப்பெண் உண்டு.

இந்தியாவிலும் விசாரணைப் போட்டிகள் இல்லாமல் இல்லை. பல வருடங்களாக மாணவர் போட்டிகளை நடத்திவரும் சென்னையின் சுரானா அண்ட் சுரானா சட்ட நிறுவனம் விசாரணைப் போட்டியையும் நடத்தியிருக்கிறது. ஆனால் மூட் கோர்ட்டுகளின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இவை சொற்பம்.

பெட்டிச் செய்தி: யார் யாருக்கு என்ன வேலை?

மூட் கோர்ட் அணியில் வழக்கமாக மூன்று பேர். இருவர் வாதாடுவார்கள், ஒருவர் ஆராய்ச்சி செய்வார்.

மாதிரி விசாரணை அணி பெரியது. முதல் விசாரணை செய்பவர், குறுக்கு விசாரணை செய்பவர், இறுதிவாதம் வைப்பவர், சாட்சிகள், ஆவணங்களைக் குறியிட்டு எடுத்துக் கொடுப்பவர், ஆட்சேபணைகளைக் கவனிப்பவர்.

எல்லோரும் கையில் வைத்திருக்க வேண்டியது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்தது. விசாரணையின் வரிசைக்கு 142, 143. விடையைத் தூண்டும் கேள்விகளுக்கு 146. முன்வாக்குமூலத்தோடு முரண்படுத்த 148. பிறழ் சாட்சிக்கு 157. இந்தப் பிரிவுகள் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

சாட்சி வேடத்தை மாணவர்கள் மட்டமாக நினைப்பது பெரிய தவறு. கூண்டில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும், ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்கிற வழக்கறிஞர் எவ்வளவு எரிச்சலூட்டுவார் என்று. குரலை உயர்த்தினால் உண்மை சொல்ல வந்தவரும் தடுமாறுவார். நிதானமாகக் கேட்டால் பொய் சொல்ல வந்தவர் தானாக மாட்டிக்கொள்வார். இதை வகுப்பில் பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியாது. பிற்காலத்தில் கொலை வழக்கில் பயந்து நடுங்கும் ஒரு பெண்ணை விசாரிக்கும்போது, என்றோ தான் அந்த இடத்தில் நின்ற நினைவு அந்த வழக்கறிஞரை மனிதராக வைத்திருக்கும்.

குழுவில் இன்னொரு ஒழுக்கமும் வரும். இந்த மாதம் எதிரிக்காக வாதாடியவர் அடுத்த மாதம் அதே வழக்கில் அரசுத் தரப்பில் நிற்க வேண்டும். தன் பக்கமே நியாயம் என்று நம்பிக்கொண்டிருந்தவர், எதிர்ப்பக்கத்துக் கட்டைப் பிரிக்கும்போது அங்கேயும் ஒரு நியாயம் மடித்து வைத்திருப்பதைப் பார்ப்பார்.

தவறினால் விலை

இந்தப் பயிற்சி இல்லாமல் போவதன் விளைவு எங்கே தெரிகிறது? மேல்முறையீட்டில் தெரிகிறது, அப்போது திருத்த வழியில்லை.

ஓர் உதாரணம். போலீசிடம் சொன்னபோது ‘கம்பால் அடித்தான்’ என்ற சாட்சி, கூண்டில் ‘அரிவாளால் வெட்டினான்’ என்கிறார். எதிர்த்தரப்புக்கு இது வரம். ஆனால் வெறுமனே ‘அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள், இன்றைக்கு ஒன்று சொல்கிறீர்கள்’ என்று சத்தம் போட்டால் பயனில்லை. வாக்குமூலத்தின் எந்தப் பகுதி முரண்படுகிறதோ, அந்தப் பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவந்து கேட்க வேண்டும். அவர் மறுத்தால், அதைப் பதிவு செய்த புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது அவரிடம் கேட்டு நிரூபிக்க வேண்டும். எதை முரண்பாடாகக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1959-ல் தாசில்தார் சிங் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டு படிகளில் ஒன்றைத் தாண்டினாலும், அந்த வரம் கையில் இருந்தும் இல்லாததுதான். எவ்வளவு பெரிய சீனியரை மதுரைக்கு அழைத்துச் சென்றாலும், கீழே பதிவாகாததை மேலே உருவாக்க முடியாது.

அதேபோல, ஒரு முக்கியமான விஷயத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டால், அதை ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். எங்கே பேச வேண்டும், எங்கே வாய்மூட வேண்டும் என்ற இரண்டு பாடமும் இதில் இருக்கிறது. முதலில் வந்த இளம் வழக்கறிஞருக்கு இரண்டாவது பாடம் தெரியவில்லை.

இதில் அதிகம் அடிபடுவது ஏழைகள். பணம் உள்ளவர் அனுபவசாலியை வைத்துக்கொள்வார். வக்கீல் வைக்க முடியாதவருக்கு 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச உதவி கிடைக்கும். அந்த வேலைக்கு இளம் வழக்கறிஞர்களும் வருகிறார்கள். அவர்கள் குறுக்கு விசாரணையைக் கற்றுக்கொள்ளும் முதல் இடம் ஓர் ஏழையின் வழக்காக இருக்கக் கூடாது.

ஆய்க்குடி கற்றுத் தரக்கூடியது

அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் கொண்ட இந்தச் சிற்றூரை நாடு முழுக்கத் தெரியவைத்தது அமர் சேவா சங்கம். விபத்தில் கழுத்துக்குக் கீழே உணர்விழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமைப்பு அது. மாற்றுத் திறனாளிகளுக்கான அவருடைய பணிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விசாரணைப் பயிற்சிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பேச இயலாத சாட்சி, திறந்த நீதிமன்றத்தில் சைகையாலோ எழுத்தாலோ சாட்சியம் சொல்லலாம் என்கிறது சாக்ஷிய அதினியத்தின் 125-வது பிரிவு. மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியோடு அதைப் பதிவு செய்ய வேண்டும். வீடியோவிலும் எடுக்க வேண்டும். பார்வையற்ற பெண் ஒருவரின் சாட்சியம் பற்றிய பட்டான் ஜமால் வலி வழக்கில், மாற்றுத் திறனாளி என்பதற்காக ஒருவருடைய சாட்சியத்தைக் குறைவாக மதிக்கக் கூடாது என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2025 மார்ச் 3-ல் இன்னும் ஒரு படி போய், பார்வைக் குறைபாடு உள்ளவர்களை நீதிபதிப் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் காது கேளாத ஒருவரைச் சைகைமொழி பெயர்ப்பாளர் வழியாகக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி என்று எந்த மாணவருக்காவது பழக்கம் உண்டா? மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசுவதா, சாட்சியைப் பார்த்துப் பேசுவதா? ‘ஏறக்குறைய’ என்பதைச் சைகையில் எப்படிப் பதிவு செய்வது? திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர் குழு ஆய்க்குடிக்கு வந்து, இந்தத் துறையில் இருப்பவர்களின் உதவியோடு இப்படி ஒரு மாதிரி விசாரணையை நடத்திப் பார்த்தால், பெரிய சட்டப் பல்கலைக்கழகங்களில் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

வழக்குக்குப் பஞ்சமில்லாத சீமை

கோர்ட் என்றதும் தமிழர்களுக்கு முதலில் வருவது சினிமா. 1952-ல் ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சி. 1984-ல் ‘விதி’ படத்தின் வசனம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் எல்லாம் ஒலித்தது. நீண்ட வசனம் பேசுகிறவரே நல்ல வக்கீல் என்ற எண்ணத்தை இவை ஊரில் விதைத்துவிட்டன. 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ அதை ஓரளவு மாற்றியது. வழக்கறிஞராக இருந்த கே.சந்துரு 1990-களில் நடத்திய ராஜாக்கண்ணு வழக்கை வைத்து எடுத்த அந்தப் படத்தில், வாதத்தைவிடச் சாட்சிகளும் ஆவணங்களும்தான் உண்மையை வெளியே கொண்டுவருகின்றன.

மாதிரி விசாரணைக்கு வழக்குத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இன்றைய தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். தொடர்ந்து வந்த திருநெல்வேலி சதி வழக்கில் 14 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரித்தது. அரசுத் தரப்பு அப்ரூவர்களை நம்பி நின்றது. அதே சாட்சியங்களைக் கேட்ட மூவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அவர்களில் ஒருவரான சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். அப்ரூவர் சொல்வதை எதுவரை நம்பலாம் என்பதைக் கற்க இதைவிட நல்ல வழக்கு இந்தச் சீமையில் இல்லை. ஆஷ் சுடப்படுவதற்கு மூன்று வருடம் முன்பு, 1908 ஜூலை 7-ல், திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரனாருக்குத் தண்டனை அறிவித்தார். ஒட்டப்பிடாரத்தில் 1895-ல் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியவர் அவர். நம் வழக்கறிஞர் மரபு இங்கேயே வேர்விட்டிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மனம் வைத்தால், கட்டாயமான மூன்று மாதிரி நீதிமன்றங்களில் ஒன்றையாவது சாட்சிகளோடு கூடிய மாதிரி விசாரணையாக, தமிழில் நடத்த ஏற்பாடு செய்யலாம். புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. நீதிபதி ஆசனத்தில் உட்கார உள்ளூர் மூத்த வழக்கறிஞர்களையும் ஓய்வுபெற்ற நீதிபதிகளையும் அழைக்கலாம். தீர்ப்பாகி முடிந்த வழக்குகளின் கட்டுகளை, பெயர்களை மாற்றி, பாடப்பொருளாக்கலாம். தென்காசி வழக்கறிஞர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களுக்கு விசாரணைப் போட்டி நடத்தினால், அதில் ஜெயிக்கிற மாணவருக்கு ஒரு நல்ல சீனியரின் அலுவலகக் கதவும் திறக்கும்.

மாணவர்களிடம் ஒரு வார்த்தை. அறிவிப்புப் பலகையில் குழுவுக்கு ஆள் எடுக்கும் தாள் ஒட்டியிருந்தால், ஆங்கிலம் சரளமாக வராதே என்று விலகிப் போகாதீர்கள். உங்கள் கல்லூரியில் மூட் கோர்ட் மட்டும்தான் இருக்கிறதென்றால், ஐந்தாறு பேர் சேர்ந்து பேராசிரியரிடம் போய் மாதிரி விசாரணை வேண்டும் என்று கேளுங்கள். வாதாடும் இடம் கிடைக்கவில்லையா? சாட்சியாகவாவது பெயர் கொடுங்கள்.